வழக்கைக் கிடப்பில் போட்டது யார்? துப்பறியும் காதல் கதை எழுதும் தோழர்களுக்கு

கைபேசிச் செயலிகளில் இப்போது ஒரு வகைத் தொடர்கதை வேகமாகப் பெருகுகிறது. ஆணும் ஆணும் காதலிக்கும் துப்பறியும் கதை. ஒருவன் ஐபிஎஸ் அதிகாரி. மற்றவன் தடயவியல் மருத்துவன், இல்லாவிட்டால் பத்திரிகையாளன். பத்துப் பதினைந்து வருடங்களாகத் துப்புத் துலங்காமல் கிடப்பில் கிடக்கும் ஒரு கொலை வழக்கு இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறது. முதலில் முறைப்பு, பிறகு நட்பு, பிறகு காதல். கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் கையில் விலங்கு, காதலர்கள் மேல் மழை. நம் மாணவர்கள் பலர் இதை வாசிக்கிறார்கள். சிலர் எழுதவும் தொடங்கிவிட்டார்கள்.

மண்ணூர்பேட்டையில் எங்கள் படிப்பு வட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது இரண்டு குரல்கள் எழுந்தன. மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "நம்ம பிள்ளைங்கள வெட்டித் தண்டவாளத்துல போடுறானுங்க. இதுல ஆம்பளையும் ஆம்பளையும் காதலிக்கிற கதை நமக்கு எதுக்குப்பா?" அந்தக் கதைகளை விரும்பிப் படிக்கும் ஒரு தம்பி சொன்னான்: "அண்ணே, அது சும்மா கதை. அதுலயும் எதுக்கு சாதியக் கொண்டாறீங்க?"

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு கேள்வியும் ஒரே தவறில் நிற்கின்றன. காதல் வேறு, சாதி வேறு, காவல் நிலையம் வேறு என்று மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் வைக்கலாம் என்று இருவருமே நம்புகிறார்கள். காவல் நிலையத்தில் அப்படிப் பெட்டிகள் இல்லை.

முதலில் மூத்த தோழருக்கு

அண்ணல் அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதி பற்றிய தன் ஆய்வுக் கட்டுரையை வாசித்தபோது அவருக்கு வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணம் என்பதுதான் அந்தக் கட்டுரையின் மையம். சாதிக்குள்ளேயே கல்யாணம் என்ற வேலி இருக்கும்வரை சாதி இருக்கும். அந்த வேலியைக் காப்பதற்காகத்தான் உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் வந்தன என்று அவர் அடுக்கிக் காட்டினார். 20 வருடம் கழித்து 'சாதி ஒழிப்பு' உரையிலும் அகமணத்தை உடைப்பதையே உண்மையான மருந்து என்றார்.

இதை ஒப்புக்கொள்கிற நாம் அடுத்த அடியை ஏன் வைக்க மறுக்கிறோம்? வீட்டார் பார்த்துவைத்த சொந்தச் சாதிப் பெண்ணை மணக்க மாட்டேன் என்று நிற்கிற தன்பாலின ஈர்ப்பாளன் அதே வேலியில்தான் கை வைக்கிறான். இன்னொரு பெண்ணோடு வாழப் போகிறேன் என்று வீட்டைவிட்டு வெளியேறுகிற பெண்ணும் அப்படித்தான். சாதிக்குத் தேவை அடுத்த தலைமுறை, அதுவும் தன் சாதியிலேயே. அதைத் தர மறுக்கிற எல்லோரும் சாதிக்குக் கடன்காரர்கள்.

அந்தக் கடனை வசூலிக்கும் இடம் எது என்று பாருங்கள். பெண் வீட்டைவிட்டுப் போனால் பெற்றோர் முதலில் ஓடும் இடம் காவல் நிலையம். 'பெண் காணவில்லை' என்று புகார். அவள் தலித் இளைஞனோடு போயிருந்தாலும் அதே புகார், இன்னொரு பெண்ணோடு போயிருந்தாலும் அதே புகார். வயது வந்த பெண், தன் விருப்பத்தில் போனவள், காணாமல் போகவில்லை என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தேடுவார்கள். பிடித்துக்கொண்டு வந்து 'பேசி' அனுப்புவார்கள். கொலையுண்ட பிள்ளைக்காக ஒரு தாய் வாசலில் நின்றால் நாளைக்கு வா என்கிற நிலையம், இந்தப் புகாருக்கு மட்டும் இரவோடு இரவாக ஜீப் எடுக்கும்.

2021 இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம் பெண்கள் விஷயத்தில் நடந்ததும் இதுதான். இரு வீட்டாரும் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவில் காவல்துறைக்கு ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். காணவில்லை என்ற புகாரில் சம்பந்தப்பட்டவர்கள் மனமொத்து வாழும் வயதுவந்த பால்புதுமையர் என்று தெரிந்தால், அவர்களின் வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு, எந்தத் தொல்லையும் தராமல் புகாரை முடித்துவைக்க வேண்டும். அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே, பால்புதுமையரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி 2022 இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் சேர்ந்தது.

வேகமாக மூட வேண்டிய கேஸ் கட்டு அது ஒன்றுதான். அதை மூடு என்று சொல்ல ஓர் உயர் நீதிமன்றம் தேவைப்பட்டது. மூடக் கூடாத கேஸ் கட்டுகளை மூடுவதற்கோ யாருடைய உத்தரவும் தேவைப்படுவதில்லை.

இரண்டே வருடத்தில் அதே நீதிபதியின் முன்னால் இன்னொரு வழக்கு வந்தது. ஓமலூர் கோகுல்ராஜ் வழக்கின் மேல்முறையீடு. நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு 2023 ஜூன் 2 அன்று ஆயுள் தண்டனைகளை உறுதிசெய்தது. பொறியியல் படித்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு 2015 ஜூன் 23 அன்று பேசிக்கொண்டிருந்த இடம் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில். பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் கடவுளின் மலை அது. ஒரு ஆணும் பெண்ணும் அங்கே பேசிக்கொண்டிருந்ததைச் சாதி பொறுக்கவில்லை. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்டத் தேவையான கடிதமும் வீடியோவும் தயாராக இருந்தன.

தோழர், இது தற்செயல் இல்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து வாழலாமா என்ற கேள்வியும், ஒரு தலித் பையன் வேறு சாதிப் பெண்ணோடு கோயிலில் உட்காரலாமா என்ற கேள்வியும் ஒரே வாசலில்தான் போய் நிற்கின்றன. அந்தக் கதைகள் நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தக் கதையில் வரும் பையனும் நம் தெருவில்தான் இருக்கிறான். நம் கூட்டத்திலேயே கடைசி வரிசையில் உட்கார்ந்து, நீங்கள் அடிக்கும் கிண்டலைக் கேட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் இருக்கிறான்.

இனி தம்பிக்கு

தமிழில் துப்பறியும் கதை எழுதத் தொடங்கியவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார். ஆரணி குப்புசாமி முதலியார். வடுவூர் துரைசாமி ஐயங்கார். அட்டையிலேயே சாதி இருந்தது. பிறகு பெயரிலிருந்து சாதி உதிர்ந்தது, கதைக்குள்ளிருந்து மட்டும் உதிரவில்லை. சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் என்று பாக்கெட் நாவல் காலம் முழுக்க நாம் படித்தது துப்பறியும் ஜோடிகளைத்தான். சாகசமும் சீண்டலும் கலந்த காதல் அது. சுஜாதாவின் கணேஷ் வசந்த் இரண்டு ஆண்கள். வசந்த் ஓயாமல் பெண்களைப் பற்றி ஜோக் அடித்துக்கொண்டே இருப்பான்.

ஆக, துப்பறியும் காதல் கதை தமிழுக்குப் புதிதல்ல. நீங்கள் செய்திருக்கும் மாற்றம் ஒன்றுதான். சுசீலா இருந்த இடத்தில் இன்னொரு ஆணை உட்கார வைத்திருக்கிறீர்கள். அது சின்ன மாற்றம் என்று சொல்ல மாட்டேன். தன்னைப் போன்ற ஒருவன் கதாநாயகனாக வருவதை முதல்முறை படிக்கிற பிள்ளைக்கு அது மூச்சு. ஆனால் மீதி எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். ஆறடி உயரம், சிவந்த நிறம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு, பெயரைப் பார்த்தால் சாதி தெரியாது, வீட்டுச் சமையலறையைப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் வாசித்த பலவற்றில் இவன்தான் நாயகன். தலித் எங்கே வருகிறான்? பிணமாக வருகிறான். அல்லது பிணத்தைப் பார்த்துவிட்டு நடுங்கும் வாட்ச்மேனாக வருகிறான்.

தன்பாலின ஈர்ப்பு சாதியைத் தானாகக் கரைத்துவிடும் என்று நினைக்காதே. 2015 இல் மும்பை நாளிதழ் ஒன்றில் ஒரு தாய் தன் மகனுக்கு மணமகன் தேவை என்று விளம்பரம் கொடுத்தார். நாடே பாராட்டியது. சாதி தடையில்லை, ஆனால் ஐயர் என்றால் நல்லது என்று அதில் ஒரு குறிப்பும் இருந்தது. விளையாட்டாகச் சேர்த்தது என்று பிறகு விளக்கம் வந்தது. அந்த விளையாட்டைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வரவில்லை.

யாருக்கும் தெரியாத கொலையா?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அது கதையின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

கிடப்பில் கிடக்கும் வழக்கு என்றால் உங்கள் கதையில் என்ன அர்த்தம்? கொன்றவன் யார் என்று தெரியாது. தடயம் இல்லை. அறிவாளி ஒருவன் வந்து, எல்லோரும் கவனிக்காமல் விட்ட ஒரு பொத்தானைக் கண்டெடுத்து, உண்மையை வெளியே கொண்டுவருகிறான். அறியாமைதான் எதிரி, அறிவுதான் ஆயுதம்.

நம் ஊர்க் கொலைகளில் எதில் அறியாமை இருந்தது?

2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே முருகேசனும் கண்ணகியும் கொல்லப்பட்டார்கள். தலித் இளைஞர், வன்னியப் பெண், இருவரும் பட்டதாரிகள். ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் பார்க்க, இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். இதில் துப்பறிய என்ன இருந்தது? ஊருக்கே தெரியும். காவல்துறைக்கும் தெரியும். ஆனால் வழக்கு எப்படிப் போனது? கொல்லப்பட்ட முருகேசனின் தந்தையையும் உறவினர்களையும் சேர்த்தே குற்றவாளிப் பட்டியல் போட்டார்கள். வழக்கு சிபிஐ கைக்குப் போன பிறகுதான் திசை மாறியது. அதற்கு முருகேசனின் குடும்பமும், வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்களும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். 18 வருடம். தண்டிக்கப்பட்டவர்களில் இரண்டு பேர் காவல்துறையினர். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

இன்னொரு முறை படி. கொலையை விசாரித்திருக்க வேண்டிய காவல்துறையினரே அந்த வழக்கில் குற்றவாளிகள். உங்கள் கதையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் கதாநாயகன்.

பழைய கதை என்று சொல்லிவிடாதே. வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது 2022 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி யாரைக் குற்றவாளி என்றது? அதே ஊர்த் தலித் இளைஞர்கள் மூன்று பேரை. பாதிக்கப்பட்டவன் வீட்டுக் கதவையே திரும்பத் தட்டுவது நம் வழக்குகளில் ஒரு விசாரணை முறையாகவே இருக்கிறது.

கோகுல்ராஜ் வழக்கை முதலில் விசாரித்த டிஎஸ்பி விஷ்ணுபிரியாவை மறக்காதே. தலித் பெண், இளம் அதிகாரி. 2015 செப்டம்பரில் தன் குடியிருப்பில் தூக்கில் இறந்து கிடந்தார். நல்ல அதிகாரி ஒருவர் வந்தால் போதும் என்று கதை எழுதுகிறவர்கள், அந்தத் துறைக்குள் இருந்த நம் சகோதரி ஒருவர் என்ன ஆனார் என்பதையும் எழுத வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன். 'கொன்றது யார்?' என்பது நம் வழக்குகளில் முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிடும் கேள்வி. அதற்குப் பிறகு வரும் கேள்விகள்தான் கதை. எஃப்ஐஆர் ஏன் தாமதமானது? 'தற்கொலை' என்று எழுதியது எந்தக் கை? பிரேதப் பரிசோதனை ஏன் அவசர அவசரமாக நடந்தது? சாட்சி எந்த வாரத்தில் பிறழ்ந்தார், அதற்கு முந்தைய வாரம் அவர் வீட்டுக்கு யார் போனார்கள்? வழக்கைக் கிடப்பில் போட்டது யார்? துப்பறிய வேண்டியது இதைத்தான்.

சிட்னியில் ஒரு பாறை

வெளியே எப்படி என்று பார்ப்போம். 1988 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருகே, மான்லி கடற்கரையை ஒட்டிய பாறைச் சரிவின் அடியில் ஸ்காட் ஜான்சன் என்ற 27 வயது அமெரிக்க இளைஞரின் உடல் கிடந்தது. கணித ஆராய்ச்சி மாணவர். தன்பாலின ஈர்ப்பாளர். தற்கொலை என்று காவல்துறை சட்டென்று முடிவு கட்டியது. 1989 இல் நடந்த மரண விசாரணையும் அதையே சொன்னது. அவருடைய அண்ணன் ஏற்கவில்லை. 2012 இல் இரண்டாவது விசாரணையில் தற்கொலை என்ற முடிவு விலக்கப்பட்டது. 2017 இல் மூன்றாவது விசாரணை, இது தன்பாலின ஈர்ப்பாளர் மீதான வெறுப்பில் நடந்த தாக்குதலின் விளைவு என்றது. 2020 இல் கைது. 2023 இல் குற்றவாளிக்கு ஒன்பது வருடச் சிறை. 34 வருடம் கழித்து.

அவர் ஒருவர் மட்டுமல்ல. 1976 முதல் 2000 வரை அந்த மாநிலத்தில் நடந்த 88 மரணங்களை, வெறுப்புக் குற்றமா என்ற கோணத்தில் காவல்துறையே மறுபடி பார்க்க நேர்ந்தது. பிறகு நீதிபதி ஜான் சாக்கர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2023 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. பாறையிலிருந்து விழுந்தார், தவறி விழுந்தார், தானே குதித்தார் என்று எழுதி மூடிய கட்டுகள் பல அதில் இருந்தன.

இங்கே பாறை இல்லை. தண்டவாளம் இருக்கிறது.

அமெரிக்காவில் 1963 இல் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். யார் செய்தது என்று அப்போதே புலனாய்வுத் துறையினருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் வழக்கை மூடினார்கள். முதல் குற்றவாளி தண்டிக்கப்பட்டது 1977 இல். மற்ற இருவர் 2001, 2002 இல். அதுவும் கண்டுபிடிக்க முடியாத வழக்கு அல்ல. கண்டுபிடித்த பிறகு மூடிய வழக்கு.

இந்த எல்லா வழக்கிலும் துப்பறிந்தது யார் என்று பார். ஸ்காட்டின் அண்ணன். முருகேசனின் தந்தை. கோகுல்ராஜின் தாய். நாமக்கல்லில் நியாயம் கிடைக்காது என்று போராடி வழக்கை மதுரைக்கு மாற்ற வைத்தது அந்தத் தாய்தான். நல்ல அரசு வழக்கறிஞர் வேண்டும் என்று நீதிமன்றம் போனதும் அவர்தான். நம் துப்பறிவாளர்களிடம் பூதக்கண்ணாடி இல்லை. கட்டைப்பையில் சுருட்டிய மனு நகல்கள் இருக்கின்றன.

அப்படியானால் இந்தக் கதையே வேண்டாமா?

வேண்டும். நம் வழக்குகளை எழுத இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்றே நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லக் கூடாது. சாதிக் கொலைக்குப் பிந்தைய ஊர் இந்த விதியில்தான் இயங்குகிறது. டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். அவன் பெயர் வரும்போது கண் மட்டும் நகரும். இந்த விதியைச் சிறு வயதிலிருந்தே உடம்பில் பழகியவன் ஒருவன் இருக்கிறான். தான் யாரை விரும்புகிறோம் என்பதை மறைத்து வளர்ந்த பையன். அம்மாவுக்கு அரைகுறையாகத் தெரியும், தங்கைக்கு முழுசாகத் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். எந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது, யார் எந்தப் பெயரைத் தவிர்க்கிறார்கள், எந்தச் சிரிப்பு பயத்தில் வருகிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஊரின் மௌனத்தைப் படிக்க அவனைவிடத் தகுதியான துப்பறிவாளன் யார்?

இது வெளிநாட்டில் நடந்திருக்கிறது. 1970 இல் ஜோசப் ஹேன்சன் எழுதிய டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் தன்பாலின ஈர்ப்பாளர், காப்பீட்டு நிறுவனத்தின் மரணங்களை விசாரிப்பவர். அவர் போலீஸ் இல்லை. 1986 இல் மைக்கேல் நாவா உருவாக்கிய ஹென்றி ரியோஸ் மெக்சிக வம்சாவளியைச் சேர்ந்த வழக்கறிஞர். அவரும் போலீஸ் இல்லை. நீதிமன்றத்தில் போலீசுக்கு எதிர்ப் பக்கத்து மேசையில் உட்காருபவர். தமிழிலும் முன்மாதிரி இருக்கிறது. 1993 இல் நடந்த ராஜாக்கண்ணு காவல் மரண வழக்கை வைத்து 2021 இல் வந்த 'ஜெய் பீம்' படத்தில் உண்மையைத் தோண்டுவது ஒரு மனைவியும் ஒரு வழக்கறிஞரும். 2022 இல் வந்த பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' ஆணவக்கொலையையும் தன்பாலினக் காதலையும் ஒரே ஒத்திகை அரங்கில் உட்கார வைத்தது. பாதை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

கதையை இங்கே கொண்டு வாருங்கள். மண்ணூர்பேட்டைக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மட்டும்தான் காதல் வளருமா? ஒரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், ஒரு பக்கம் சிடிஎச் சாலை, வடக்கே கொரட்டூரும் பட்டரவாக்கமும் தாண்டி ஆவடிக்குப் போகும் ரயில் பாதை. லேத் பட்டறைக்கும் ஏற்றுமதித் தையல் கம்பெனிக்கும் வேலைக்கு வந்து, பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேராகத் தங்கும் பிள்ளைகள். ஊரைவிட்டு வந்தவர்களில் சிலர் வேலைக்காக மட்டும் வரவில்லை. ஊரில் இருந்தால் கொன்றுவிடுவார்கள் என்று வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் காதலிக்கட்டும். ஒருவன் சட்டக் கல்லூரி மாணவன், நம் பிள்ளை. மற்றவன் ஷிஃப்ட் முடிந்து கையில் ஆயில் கறையோடு வருபவன், வேறு சாதிக்காரன்.

அவன் ஊரில் பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு தலித் பையன் தண்டவாளத்தில் கிடந்தான். தற்கொலை என்று எழுதி முடித்தார்கள். அன்று இரவு என்ன நடந்தது என்பதைப் பார்த்தவன் இவன் ஒருவன்தான். ஏன் சொல்லவில்லை? அந்த நேரத்தில் அங்கே இருந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். கூட இருந்தது யார் என்று சொல்ல வேண்டும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அவர்கள் இருந்ததே 377 ஆவது பிரிவில் குற்றம். கொலையைப் பற்றி வாய் திறந்தால் முதலில் குற்றவாளி ஆவது இவன். தீர்ப்பு வந்த பிறகும் ஊரும் உறவும் மாறவில்லை. கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்: "அந்நேரத்துல அங்க உங்களுக்கு என்ன வேலை?"

இப்போது காதலனுக்கு முன்னால் இருக்கும் கேள்வி என்ன? இறந்துபோன ஒருவனுக்கு நியாயம் வேண்டும். அதற்குத் தான் நேசிக்கிறவன் ஊர் முன்னால் தன்னைத் திறந்துகாட்ட வேண்டும். கேட்கலாமா? கேட்காமல் இருக்கலாமா? வேறு சாதியில் பிறந்தவன் மௌனமாக இருந்து தப்பித்துக்கொள்ளலாம் என்ற வசதியை விட்டுவிட்டு வருவானா? மழையில் கொடுக்கும் முத்தத்தைவிட இந்தக் கேள்வியில் காதல் அதிகம் இருக்கிறது.

பிரச்சாரம் ஆகிவிடும், சுவை போய்விடும் என்பீர்கள். சாதி இல்லாத சென்னையில், மனசாட்சி உள்ள ஐபிஎஸ் அதிகாரி எல்லா வழக்கையும் தீர்த்துவைப்பதும் பிரச்சாரம்தான். காவல்துறைக்கு யாரும் காசு கொடுக்காமல் நடக்கும் பிரச்சாரம்.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்

கடைசியாக ஒன்று. எழுதுகிறவர்களுக்கு மட்டுமல்ல, கேஸ் கட்டோடு அலையும் எல்லாத் தோழர்களுக்கும்.

கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது. எத்தனை வருடம் ஆனாலும் புதிய ஆதாரம் கிடைத்தால் மேல்விசாரணை நடத்தலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 173(8), இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193(9). வழக்கை முடிக்கலாம் என்று போலீஸ் அறிக்கை தந்து, அதை நீதித்துறை நடுவர் ஏற்க நினைத்தால், புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்பி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றம் இதை 1985 லேயே பகவந்த் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்ததும் ஆட்சேப மனு போடலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டமே சொல்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கென்றால் டிஎஸ்பி நிலைக்குக் கீழே உள்ளவர் விசாரிக்கக் கூடாது. 60 நாளுக்குள் விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை போக வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியரைத் தண்டிக்க 4 ஆவது பிரிவு இருக்கிறது. சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பாதுகாப்புத் தர 15அ பிரிவு 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆணவக் குற்றங்களைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியலே போட்டுக் கொடுத்தது. தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வயதுவந்த பால்புதுமையரை அவர்கள் வீட்டாரே அடைத்துவைப்பதும் அடிப்பதும் கொல்வதும் அந்தச் சட்டத்துக்குள் வர வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். நம் கோரிக்கைப் பட்டியலில் அந்த வரி இல்லையென்றால் வேறு யாரும் சேர்க்கப்போவதில்லை.

மூத்த தோழர்களே, அந்தப் பிள்ளைகள் எழுதட்டும், கிண்டல் செய்யாதீர்கள். எழுதும் தோழர்களே, ஒரு அத்தியாயம் எழுதுவதற்கு முன்னால் ஒரு தீர்ப்பைப் படியுங்கள். கோகுல்ராஜ் தீர்ப்பைப் படியுங்கள், முருகேசன் கண்ணகி தீர்ப்பைப் படியுங்கள், 2021 ஜூன் 7 உத்தரவைப் படியுங்கள். எந்த நாவலிலும் இல்லாத திருப்பங்கள் அவற்றில் இருக்கின்றன. உங்கள் கதையின் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் பிடிபடுவது இருக்கட்டும். தற்கொலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனின் பெயரும் பதவியும் அந்த அத்தியாயத்தில் வரட்டும்.

ஜெய் பீம்.